மாரியில் ஊன்றுங்கள், கோடையில் பூக்கும்: லிங்கநகர் முற்றத்துக்குப் பொடுதலை

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய லிங்கநகர் போன்ற ஊர்களில் வீட்டு முற்றத்துக்கு ஆண்டில் இரண்டு சோதனைகள் வருகின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழை, மேல்மண்ணை வடிகானுக்குள் இழுத்துப் போகிறது. வைகாசியில் கச்சான் வீசத் தொடங்கியதும், எஞ்சிய மண் புழுதியாக எழும்பி வீட்டுக்குள் வருகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடுகிறது. ஜூனில் சராசரியாக 30 மில்லிமீற்றர்கூடக் கிடைப்பதில்லை.

இதற்கு இப்போது பலரும் இரண்டு வழிகளை நாடுகிறார்கள். ஒன்று, வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதிப்பது. கல் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவிலும் வீட்டுக்குள் விடுகிறது. மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றைச் சேர வேண்டிய மழைநீரில் பெரும்பங்கு வீதிக்கு ஓடிவிடுகிறது. மற்றது, மலேசியன் புல். மாரியில் அது கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனி, ஆடியில் கிணறு அடியைக் காட்டும் நேரத்தில்தான் அது நாள்தோறும் தண்ணீர் கேட்கிறது.

இந்த மண்ணிலேயே பிறந்து, வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே வேரில் தாங்கும் ஒரு காட்டுப்பூ நம்மிடம் இருக்கிறது. குளக்கட்டிலும் வயல் வரம்பிலும் களப்புக் கரையிலும் தானாகப் படர்ந்து கிடக்கும் பொடுதலைதான் அது. அதை முற்றத்துத் தரைவிரிப்பாக வளர்க்கும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். முறை முழுவதும் ஒரு விதியில் அடங்கும்: மழை தொடங்கும்போது நட்டுவிட வேண்டும், கச்சான் தொடங்கும்முன் வேர் ஆழம் போயிருக்க வேண்டும். இந்தக் கணக்குத் தவறினால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் முதல் கோடையைத் தாண்டுவது கடினம்.

செடியை இனங்காணுதல்

பொடுதலையின் தாவரவியற் பெயர் பைலா நொடிபுளோரா. வெர்பெனேசியே குடும்பம். நிலத்தோடு நிலமாகப் படரும் பல்லாண்டுச் செடி. தண்டு ஓடும் வழியில் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்டதும் வேர் விடும். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். அடியில் ஒடுங்கி நுனியில் அகன்று, மேற்பாதி விளிம்பில் மட்டும் பற்கள் வெட்டியிருக்கும். இந்தப் பற்களைப் பார்த்தாலே பாதி ஐயம் தீரும். ஈரக்கரையில் இதனோடு கலந்து வளரும் நீர்ப்பிரமியின் இலை தடித்துச் சாறு நிறைந்தது, விளிம்பில் பல் இராது.

பூவைக் குனிந்து பார்க்க வேண்டும். இலைக்கக்கத்திலிருந்து நிமிரும் மெல்லிய காம்பின் நுனியில் கருஞ்சிவப்பான சிறு குமிழ் ஒன்று இருக்கும். அதன் அடிச்சுற்றில்தான் முதற்பூக்கள் வளையமாக விரியும். ஒவ்வொன்றும் சில மில்லிமீற்றர் அகலமே. இதழ் வெள்ளை, சிலவற்றில் இளஞ்சிவப்பு. தொண்டையில் மஞ்சள் பொட்டு, நாளாக அது ஊதாவாக மாறும். கீழ் வளையம் காய்க்கத் தொடங்க, அதற்கு மேலே அடுத்த வளையம் பூக்கும். இப்படி ஏறி ஏறிக் குமிழ் நீண்டு சிறு உருளையாகிவிடும். ஒரே தலையில் மொட்டும் பூவும் காயும் சேர்ந்திருப்பதால் தேனீக்களுக்கு நீண்ட நாள் விருந்து.

இது நமக்குப் புதிய கண்டுபிடிப்பல்ல. சித்த வைத்தியத்தில் பொடுகுக்குப் பொடுதலைத் தைலம் காலங்காலமாக வழக்கில் உள்ளது. தரைவிரிப்பாக இதை வளர்ப்பதை மட்டும் பிற நாட்டார் முந்திக்கொண்டார்கள். ஜப்பானில் இதே இனத்திலிருந்து உருவாக்கிய வகையைக் ‘குராப்பியா’ என்ற பெயரில் விற்கிறார்கள். வறட்சியோடு மல்லுக்கட்டும் கலிபோர்னியாவில் புல்தரையைப் பெயர்த்துவிட்டு அதை நடுகிறார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கும் செடி நமக்கு வரம்போரத்தில் கிடைக்கிறது.

முதற் படி: இடம் தேர்தல் (ஆடி, ஆவணி)

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடம் வேண்டும். தென்னையின் கீழ் விழும் சல்லடை நிழல் பரவாயில்லை. மாமரத்தின் அடர்ந்த நிழலில் தண்டு நீண்டு, இலை ஐதாகி, இடையில் மண் தெரியும். அங்கே இதை நடுவதில் பயனில்லை, விழும் இலைகளையே மூடாக்காக விட்டுவிடுங்கள்.

படலையிலிருந்து வாசலுக்கும் கிணற்றடிக்கும் அன்றாடம் நடக்கும் தடத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தடத்தில் தட்டைக் கற்களை ஓரடி இடைவெளியில் பதித்துவிட வேண்டும். பொடுதலை அவ்வப்போது மிதிபடுவதைத் தாங்கும், நாள்தோறும் ஒரே இடத்தில் விழும் காலடியையும் மோட்டார்சைக்கிள் நிறுத்துவதையும் தாங்காது. பூக்கும் காலத்தில் தேனீ மொய்ப்பதால், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கும் கற்பாதை நல்லது.

கட்டாக்காலி மாடும் ஆடும் வரும் வளவென்றால் வேலியை இப்போதே அடையுங்கள். பிரட்றிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் உலவும் இடங்களில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். வேரூன்றிய பின் கடிபட்டாலும் தழைக்கும். புதிதாக ஊன்றிய துண்டு ஒரு குளம்படியிலேயே பெயர்ந்துவிடும்.

இரண்டாம் படி: நிலத்தைச் சுத்தமாக்குதல் (ஆவணி, புரட்டாதி)

ஆண்டு முழுவதற்குமான உழைப்பில் பாதி இங்கேதான். பொடுதலை அடர்ந்த பின் களையை அதுவே அடக்கும். அடரும்வரை களைதான் அதை அடக்கும். எல்லாவற்றிலும் கொடியது கோரை. மேலே இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு கீழே இருந்து அடுத்த கிழமையே முளைக்கும். ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை முள்ளால் கிளறி, கறுத்த கிழங்குகளைக் கையால் பொறுக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. அறுகையும் அதன் வேர்த்தண்டோடு எடுத்துவிடுங்கள்.

விதையில் முளைக்கும் களைகளுக்கு வெயிலே மருந்து. கிளறிய நிலத்தை நனைத்து, கண்ணாடிபோல் தெளிந்த பொலித்தீனை இழுத்து மூடி, ஓரங்களை மண்ணால் அமுக்கி நான்கு முதல் ஆறு கிழமை விடுங்கள். ஆவணி வெயிலில் உள்ளே சூடேறி மேல்மண்ணில் உள்ள விதைகளில் பெரும்பகுதி கருகிவிடும். கறுப்புப் பொலித்தீனில் இந்த அளவு சூடு மண்ணுக்குள் இறங்காது.

வெளியிலிருந்து மண் ஏற்றுவதைத் தவிருங்கள். லோட் மண்ணோடு பார்த்தீனியம் விதை வந்தால், நட்டதைக் காட்டிலும் வந்ததோடுதான் போராட வேண்டிவரும். மணற்பாங்கான நிலத்துக்கு நன்றாக மக்கிய கூட்டெரு ஓரங்குல அளவு பரப்பிக் கொத்திவிட்டால் போதும். மக்காத சாணியில் களைவிதை இருக்கும். யூரியா வேண்டவே வேண்டாம். அது தண்டைக் கொழுகொழுவென்று வளர்க்கும், வேரை மேலேயே நிறுத்திவிடும்.

நிலம் சரிவாக இருந்தால் சரிவுக்குக் குறுக்கே பொச்சுமட்டைகளை மேற்புறம் கவிழ்த்து வரிசையாகப் பதியுங்கள். கார்த்திகை மழையில் ஓடும் நீரின் வேகத்தை அவை உடைக்கும். பின்னர் மக்கி மண்ணோடு சேரும்.

மூன்றாம் படி: தாய்ச்செடி எடுத்தல் (புரட்டாதி நடுப்பகுதி)

தம்பலகாமத்து வயல் வரம்புகளிலும் கந்தளாய்ப் பக்கத்துக் குளக்கட்டுகளின் அடியிலும் பொடுதலை தாராளம். நகரின் கழிவு வடிகான் ஓரத்தில் எடுக்காதீர்கள். எங்கே எடுத்தாலும் நிலத்துக்கு உரியவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். கேட்டதால் எனக்கு ஒரு பாடமும் கிடைத்தது.

“அண்ணன், வரம்பில கிடக்கிற இந்தப் பொடுதலையில கொஞ்சம் எடுக்கட்டா?”

“எடுங்க தம்பி. ஆனா ஓரிடத்தையே வழிச்சுப்போடாதீங்க. மாரி வெள்ளத்தில வரம்பு இடியாம நிக்கிறதே இதாலதான்.”

அந்த விவசாயி சொன்னதைத்தான் இன்றும் கடைப்பிடிக்கிறேன். வேரோடு பிடுங்குவதில்லை. ஓடும் தண்டுகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெட்டி எடுத்தால் தாய்ச்செடி சில நாட்களில் தன்னை மூடிக்கொள்ளும். தண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே நாற்றுக்கு வைத்துவிட வேண்டும். ஒரே இடத்துச் செடி மட்டும் போதும் என்று நிற்காமல், இரண்டு மூன்று இடங்களிலிருந்து எடுங்கள். ஒன்று உப்பைத் தாங்கும், மற்றொன்று விரைந்து படரும். எது உங்கள் மண்ணுக்குப் பொருந்தும் என்பதை நிலமே காட்டும்.

நான்காம் படி: நாற்று

தண்டை நான்கு முதல் ஆறு அங்குலத் துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி வெட்டுங்கள். பூக்குமிழ்களைக் கிள்ளிவிடுங்கள். கீழ் இரண்டு கணுக்களின் இலைகளை நீக்குங்கள்.

மணலும் தும்புத்தூளும் கூட்டெருவும் சம பங்காகக் கலந்த கலவை போதும். பாத்திரத்துக்கும் அலைய வேண்டாம். எருமைத் தயிர் வாங்கிய மண்சட்டிகள் வீட்டுக்கு வீடு அடுக்கிக் கிடக்கும். அடியில் ஆணியால் துளையிட்டால் ஒரு சட்டியில் எட்டுப் பத்துத் துண்டுகள் ஊன்றலாம். இரண்டு கணு கலவைக்குள், மற்றவை வெளியே. நிழல்விழும் இடத்தில் வைத்து, காலையும் மாலையும் தெளித்துவாருங்கள். ஒன்றரை, இரண்டு கிழமையில் வேர் பிடிக்கும். துண்டை மெல்ல இழுத்தால் அது திருப்பி இழுப்பது விரலுக்குத் தெரியும். அதன்பின் சட்டிகளைச் சிறிது சிறிதாக வெயிலுக்கு நகர்த்துங்கள். முழு வெயிலில் ஒரு கிழமை நின்ற நாற்றே நடுவதற்கு உகந்தது.

வேர் பிடிக்காத துண்டையே நேரே நிலத்தில் ஊன்றலாமா என்று பலர் கேட்பார்கள். விடாமழைக் காலத்தில் ஊன்றினால் பிடிக்கும். ஆனால் ஐப்பசியில் மழைக்கு நடுவே ஐந்தாறு நாள் வெயில் எறிப்பது வழக்கம். அந்த இடைவெளியில் வேரில்லாத துண்டு கருகிவிடும்.

ஐந்தாம் படி: நடவு (ஐப்பசி)

முதல் தூறலுக்கு ஏமாறாதீர்கள். மண்ணை ஒரு சாண் ஆழம் கிளறிப் பார்த்து, அடிவரை ஈரமிருந்தால் மட்டும் நடுங்கள். பெரும்பாலும் ஒக்டோபர் நடுவுக்கும் நவம்பர் முதற் கிழமைக்கும் இடையில் அந்த நாள் வரும். மாலை நேரத்தில் நடுவது நல்லது.

நாற்றுக்கு நாற்று ஓரடி. அப்படியென்றால் பத்தடிக்குப் பத்தடி நிலத்துக்கு ஏறத்தாழ 100 நாற்று, ஒரு பேர்ச் முழுவதற்கும் 270 அளவில். ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் நாற்று வரும்படி மாற்றி மாற்றி வையுங்கள். மழைநீர் நேர்கோட்டில் ஓட இடம் கிடைக்காது. சரிவான இடத்தில் இடைவெளியை அரையடியாகக் குறையுங்கள்.

வேர்ப்பந்து முழுவதும் புதைய, இரண்டு கணு மண்ணுக்குள் போக, சுற்றிலும் கையால் அழுத்துங்கள். ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு சிரட்டை தண்ணீர், மழை பெய்துகொண்டிருந்தாலும் கூட. மண்ணுக்கும் வேருக்கும் இடையிலுள்ள காற்றை அதுதான் வெளியேற்றும்.

ஆறாம் படி: அடரும்வரை காவல் (கார்த்திகை முதல் தை வரை)

கிழமைக்கு ஒருமுறை குனிந்து களை எடுக்க வேண்டிய காலம் இது. நெருஞ்சி, தொட்டாற்சுருங்கி, தப்பிய கோரை எல்லாம் இப்போதுதான் தலைகாட்டும். ஈர மண்ணில் இழுத்தவுடன் வரும். அடுத்த கிழமைக்குத் தள்ளினால் பொடுதலைத் தண்டோடு பின்னிக்கொள்ளும்.

ஓடும் தண்டு மண்ணைத் தொடாமல் வளைந்து நின்றால், கணுவின் மேல் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். தொட்ட இடத்தில் புது வேர் இறங்கும். அந்த ஒவ்வொரு கணுவும் தனிச்செடி. கோடையில் ஒரு பகுதி காய்ந்தாலும் அடுத்த கணு உயிரோடிருப்பதற்கு இதுவே காரணம்.

கார்த்திகை வெள்ளம் ஒருநாள், இரண்டு நாள் தேங்கினால் பதற வேண்டாம். குளக்கரைச் செடிக்கு அது பழக்கம். வடிந்த பின் இலைமேல் படிந்த சேற்றை மட்டும் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். தைப்பொங்கல் அளவில் நாற்றுகளின் இடைவெளி பெரும்பாலும் மூடியிருக்கும். வெறுமையாக நிற்கும் இடங்களில், நெருங்கிய இடத்திலிருந்து வேரோடு ஒரு துண்டை எடுத்து வையுங்கள். மாசிக்குப் பின் புது நடவு வேண்டாம்.

மாசியில் முதல் கத்தரிப்பு. இரண்டங்குலம் விட்டு மேலே நிமிர்ந்ததை வெட்டுங்கள். வெட்ட வெட்டத் தண்டு பக்கவாட்டில் ஓடி அடரும்.

ஏழாம் படி: முதல் கோடை (வைகாசி முதல் புரட்டாதி வரை)

அடிக்கடி சிறிது தெளிப்பதுதான் பொடுதலைக்கு நாம் செய்யும் பெருங்கேடு. மேல்மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே தங்கும், கச்சான் வீசும் ஒரு பகலில் அந்த மண் சூடேறும்போது வேரும் வேகும். பத்து நாளைக்கு ஒருமுறை, மாலையில், ஆழமாக விடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி நிலத்தில் ஓரங்குலத் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 230 லீற்றர். பத்து நாளைக்கு ஒருமுறை விட்டால் மாதம் 690 லீற்றர். அதே நிலத்தில் புல்லுக்கு நாளுக்கு 5 மில்லிமீற்றர் வீதம் தெளித்தால் மாதம் 1,400 லீற்றர். இரண்டாம் கோடையிலிருந்து பொடுதலைக்கு மூன்று கிழமைக்கு ஒருமுறை போதும். அப்போது மாதம் 330 லீற்றர்தான்.

இந்த மிச்சம் கிணற்றுக்கு உயிர். கடலோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் விதி. மேலே ஓரடி இறங்க நாம் இறைத்தால், கீழிருந்து உப்பு பல அடி ஏறி வரும். ஒருமுறை உவர்த்த கிணறு தெளிய எத்தனை மாரி வேண்டும் என்பதைக் கரையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குழாய்நீரும் கந்தளாய்க் குளத்திலிருந்து வரவேண்டியது. குளம் வற்றும் ஆண்டில் அதுவும் குறையும்.

அரிசி, மரக்கறி கழுவிய நீரைப் பொடுதலைக்கே விடலாம். துணி அலசிய இரண்டாம் நீரும் ஆகும். சவர்க்காரத்தூள் கரைத்த முதல் நீரும், சலவைக்குக் குளோரின் கலந்த நீரும் ஆகாது. சற்று உவரான கிணற்று நீரைப் பொடுதலை தாங்கும். ஆனால் இலை ஓரம் கருகத் தொடங்கினால், அடுத்தமுறை நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள்.

ஆடியில் தண்டு செம்மையேறி, இலை சிறுத்துச் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். இலைப்பரப்பைக் குறைத்து நீரைச் சேமிக்கும் வழி அது. ஆவணியில் ஒரு மழை விழுந்தாலும் கணுக்களில் பச்சை கிளம்பும்.

எட்டாம் படி: ஒழுங்கும் எல்லையும்

ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கத்தரித்தால் போதும். ஒரே நேரத்தில் முழு முற்றத்தையும் வெட்டாதீர்கள். பாதியை வெட்டி, மறுபாதி பூத்து முடிந்த பின் அதை வெட்டுங்கள். செம்மஞ்சள் சிறகில் மயிற்கண் பதித்த வண்ணத்துப்பூச்சியின் புழு பொடுதலை இலையையும் தின்று வளரும். சில இலைகள் அரிக்கப்பட்டிருந்தால் அதற்காகப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். செடி மீண்டுவிடும், பூச்சி மீளாது.

ஓரத்தில் செங்கல்லைச் செங்குத்தாகப் புதைத்து எல்லை கட்டுங்கள். தாண்டி ஓடும் தண்டை மாதம் ஒருமுறை வெட்டினால் மரக்கறிப் பாத்திக்குள் புகாது. பாம்பு வருமென்ற பயம் நியாயமானது. இரண்டு மூன்று அங்குல உயரத்தில் வைத்திருந்தால் தரை கண்ணுக்குத் தெரியும். மரக்குற்றி, ஓட்டுக் குவியல் போன்றவற்றை அருகில் விடாதீர்கள். நுளம்புக்கும் பொடுதலைக்கும் தொடர்பில்லை. டெங்கு நுளம்பு பெருகுவது தேங்கிய நீரில். நாற்றுக்கு வைத்த தயிர்ச்சட்டிகளை வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

பொடுதலைக்குப் பதிலாக மஞ்சள் பூப்பூக்கும் வெடேலியாவை நடச் சொல்பவர்கள் உண்டு. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. நம் வாய்க்கால்களுக்குள் அது புகுந்தால் மீட்பது கடினம். பொடுதலையின் தென்னமெரிக்க உறவினமான பைலா கனெசென்ஸ், அவுஸ்திரேலியாவின் மறி-டார்லிங் ஆற்றுப்படுகையில் பெரும் களையாகிவிட்டது. ஒரு செடி எங்கே பிறந்ததோ அங்கே அதற்குப் பகையும் துணையும் உண்டு. அந்த ஊர்ச் செடியை அந்த ஊரில் நடச் சொல்வது இதனால்தான்.

கடலைப் பார்த்த வெறும் மணலில், உப்புவெளி, நிலாவெளிக் கரைகளைப்போல் அலைத்திவலை நேரே படும் இடத்தில், பொடுதலையைவிட அடம்பன் பொருத்தம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம்மவர் சொல்வது அதன் இயல்பைக் கண்டுதான். ஆனால் பல மீற்றர் ஓடும் கொடி அது. சிறிய வளவுக்குள் அடங்காது.

முதல் ஆண்டில் முற்றம் முழுவதையும் மாற்ற முயலாதீர்கள். பத்தடிக்குப் பத்தடி போதும். அது ஒரு கச்சானைத் தாண்டிய பின், அடுத்த புரட்டாதியில் அதிலிருந்தே மீதி நிலத்துக்கு நாற்று எடுக்கலாம். வரம்பைத் தேடிப் போகவேண்டியதில்லை. அதற்கடுத்த ஆண்டில் பக்கத்து வீட்டுக்கும், கோயில் வீதிக்கும், பாடசாலை முற்றத்துக்கும் கொடுக்கும் அளவு இருக்கும். பத்து வீடுகள் ஒரே ஒழுங்கையில் இதைச் செய்தால், அந்த ஒழுங்கையின் மழைநீர் அந்தந்த வீட்டு மண்ணிலேயே இறங்கும், அந்தந்த வீட்டுக் கிணறுகளே அதன் பயனைப் பெறும்.